‘சமரசம்’ என்கிற சோம்பேறிச் சொல்

நம் இலக்கிய வட்டத்தில் எல்லாவற்றுக்கும் விலை ஏறிவிட்டது, ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் ஏறவே இல்லை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், யார் மீது வேண்டுமானாலும் வீசலாம். ‘சமரசம்.’ பத்திரிகைக்குத் தொடர் எழுதினால் சமரசம். வானொலிக்கு நாடகம் எழுதினால் சமரசம். தொலைக்காட்சிக்கு இசையமைத்தால் கேட்கவே வேண்டாம். “நல்லா கித்தார் வாசிப்பான்லா, டிவிக்குப் போயி வீணாப் போயிட்டான்” என்று ஒருவர் என் நண்பனைப் பற்றிச் சொன்னார். சொன்னவர் காலை எட்டுக்கு அட்டை தட்டி மாலை ஐந்துக்கு வெளியே வருகிற காப்புறுதி நிறுவன ஊழியர், வார இறுதியில் கவிஞர். அவர் கவிதைக்குச் சமரசம் ஒட்டவில்லையாம். ஏனென்றால் அதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

நானும் அந்தக் கட்சிதான். அலுவலகக் கட்டடங்களுக்கும் கொண்டோக்களுக்கும் ஏர்கோன் காற்றுக்குழாய் வடிவமைத்துச் சம்பளம் வாங்குகிறேன், இரவில் உட்கார்ந்து கட்டுரை எழுதுகிறேன். என் சம்பளம் என் கட்டுரையைத் தொடவில்லை என்பதில் எனக்கு எந்தப் பெருமையும் இல்லை. பாதுகாப்பான இடத்தில் நின்றுகொண்டு, கலையையே தொழிலாக எடுத்துக்கொண்டவனைப் பார்த்து ‘நீ விழுந்துவிட்டாய்’ என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மற்றவர்களுக்கு ஏன் அந்தக் கூச்சம் வருவதில்லை என்பதுதான் என் கேள்வி.

பேச்சை நண்பனோடு வைத்துக்கொண்டால் ‘உன் ஃபிரெண்டுக்காகப் பேசுற’ என்பார்கள். அதனால் யாருக்கும் ஃபிரெண்டு இல்லாத ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். டபிள்யூ. ஜி. வால்டன். உலகம் அவரை ‘ஸ்னஃபி’ வால்டன் என்று அழைக்கிறது. 1950-இல் பிறந்தவர், டெக்சாஸில் வளர்ந்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் ‘ஸ்ட்ரே டாக்’ என்ற ஹார்ட் ராக் குழுவில் கித்தார். அந்தக் குழு லண்டனுக்குப் போனது; எமர்சன், லேக் அண்ட் பாமர் குழு நடத்திய மாண்டிகோர் நிறுவனம் 1973-இல் அவர்களின் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அந்தக் காலத்து ராக் ரசிகனுக்கு இது சொர்க்க வாசல். இரண்டு ஆல்பத்தோடு வாசல் சாத்திக்கொண்டது. அப்புறம் டோனா சம்மர், சாகா கான் போன்றவர்களுக்குப் பின்னால் நின்று வாசித்தார். எண்பதுகளின் நடுவில் கலிஃபோர்னியாவில் ஒரு கிளப்பில் அக்கூஸ்டிக் கித்தாரோடு உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் தொலைக்காட்சிக்கு இசையமைக்கிறாயா என்ற கேள்வி வந்தது.

இந்த இடத்தில் நம் விமர்சகர் புத்தகத்தை மூடிவிடுவார். ராக் கலைஞன் தோற்றான், டிவிக்குப் போனான், கதை முடிந்தது. எனக்கோ இங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

1987-இல் ஏபிசி தொலைக்காட்சியில் ‘தர்ட்டிசம்திங்’ என்ற தொடர் வந்தது. ஃபிலடெல்ஃபியாவில் முப்பதைத் தாண்டிய சில தம்பதிகள், நண்பர்கள். துரத்தல் இல்லை, கொலை இல்லை. குழந்தை அழுகிறது, கணவன் வேலையை வெறுக்கிறான், மனைவி தன்னைத் தேடுகிறாள். அப்போது அமெரிக்கத் தொலைக்காட்சியில் பறந்தது சிந்தசைசர் கொடி. ‘மயாமி வைஸ்’ தொடருக்கு யான் ஹாமர் போட்ட முகப்பிசை 1985-இல் பில்போர்டு பட்டியலில் முதலிடம் வரை போயிருந்தது. அதைக் கேட்டுவிட்டு ‘தர்ட்டிசம்திங்’ கேளுங்கள். வால்டனும் ஸ்டூவர்ட் லெவினும் சமையலறைக்குள் ஒரு மரக் கித்தாரைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பக்கத்து அறையில் யாரோ வாசிக்கிற மாதிரி இருக்கும். அந்தத் தொடரின் மனிதர்கள் பெரிய இசைக்குழுவுக்குத் தகுதியான எதையும் செய்வதில்லை, பாத்திரம் கழுவுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். அவர்களுடைய அளவுக்கு இசையைக் குறைத்ததுதான் அங்கே நடந்த கண்டுபிடிப்பு.

அடுத்த வருடம் ‘த ஒண்டர் இயர்ஸ்’. இதிலும் அதே இருவர். இதை நான் வேலைக்காரன் கண்ணோடு பார்க்கிறேன், ஏனென்றால் இங்கே கணக்கு ரொம்பச் சிக்கல். கதை 1968-இல் தொடங்குகிறது. திரையில் பன்னிரண்டு வயதுப் பையன் பேசுகிறான். அதற்கு மேல், வளர்ந்து பெரியவனான அவனே பின்னணிக் குரலில் பேசுகிறான். அதற்கும் மேல், அந்தக் காலத்துப் பிரபலமான பாடல்கள் ஓடுகின்றன. முகப்பில்கூட ஜோ காக்கர் பாடிய பீட்டில்ஸ் பாட்டுதான், வால்டனுக்கு அங்கே இடமே இல்லை. வசனம், நினைவுக்குரல், பழைய பாடல் என்று மூன்று அடுக்கு. நான்காவது அடுக்காக இவர் எதையாவது போட வேண்டும், அது கேட்கவும் வேண்டும், கேட்கவும் கூடாது.

இது எப்படி முடிகிறது? என் தொழிலிலிருந்து சொல்கிறேன். அலுவலகத்தில் ஏர்கோன் சத்தத்துக்கு ஒரு வரம்பு வைத்து வடிவமைப்போம். தனி அறை என்றால் என்.சி. 30, 35 என்று ஓர் அளவு. அதைத் தாண்டினால் எதிரே உட்கார்ந்திருப்பவர் பேசுவதில் மெய்யெழுத்துகள் காணாமல் போகும். ‘பத்து’ என்றாரா ‘பட்டு’ என்றாரா என்று தெரியாது. மனிதப் பேச்சின் தெளிவு பெரும்பாலும் 1,000-இலிருந்து 4,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில் இருக்கிறது. குரலின் அடிச் சுருதியோ ஆணுக்குச் சுமார் 85-இலிருந்து 180 ஹெர்ட்ஸ் வரை. கித்தாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் ஆரம்பிக்கிறது. அதாவது கித்தார் மனிதன் பேசுகிற அதே வீட்டில் குடியிருக்கிறது. வயலின் கூட்டத்தைப் போல நீட்டி இழுத்தால் வசனம் செத்தது. ஆனால் மீட்டிய தந்திக்கு ஒரு குணம் உண்டு. பிறந்த நொடியிலேயே இறக்க ஆரம்பித்துவிடும். ‘டிங்’ என்று வரும், தேயும், அடுத்த சொல் வருவதற்குள் ஒதுங்கிக்கொள்ளும். எந்த மூச்சில் மீட்டுவது, எதில் சும்மா இருப்பது என்று தெரிந்தவன் கையில் இது பேசுபவரின் தோளில் கை வைத்த மாதிரி இருக்கும். தெரியாதவன் கையில், பக்கத்து மேசையில் கரண்டி விழுந்த மாதிரி.

வால்டனுக்குத் தெரிந்திருந்தது. ‘ஒண்டர் இயர்ஸ்’ ஏதாவது ஓர் எபிசோடை எடுத்து, பெரியவனின் குரல் ஒரு வாக்கியத்தை முடித்து அடுத்ததை ஆரம்பிக்கும் இடைவெளியை மட்டும் கவனியுங்கள். மேடையில் தனி ஆவர்த்தனம் வாசித்துப் பழகிய ஒரு ராக் கித்தார்காரர் தன் விரலை அடக்கிக்கொள்ளக் கற்றிருப்பது அங்கே கேட்கும். தன்னைக் குறைத்துக்கொள்வது சமரசமாம். நம்மில் எத்தனை சிறுகதையாசிரியர்களுக்கு இந்தச் சமரசம் கைவந்திருந்தால் எத்தனை கதைகள் பிழைத்திருக்கும்!

பிறகு வரிசையாக வந்தன. ‘மை சோ-கால்ட் லைஃப்’ 1994-இல், பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியின் தொடர், பத்தொன்பது எபிசோடில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஸ்டீபன் கிங்கின் ‘த ஸ்டாண்ட்’, உலகமே கொள்ளைநோயில் அழிந்த பிறகு நடக்கிற கதை. ‘ஃபெலிசிட்டி’, ‘ஸ்போர்ட்ஸ் நைட்’. 1999-இலிருந்து 2006 வரை ‘த வெஸ்ட் விங்’. 2006-இலிருந்து 2011 வரை ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’. நெட்வொர்க் தொடர் என்றால் வருடத்துக்கு இருபத்திரண்டு எபிசோட் சாதாரணம். படத்தொகுப்பு முடிந்த எபிசோடை இயக்குநர், தயாரிப்பாளரோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். எங்கே இசை நுழையணும், எங்கே வெளியேறணும் என்று முடிவெடுப்பார்கள். இதற்கு ‘ஸ்பாட்டிங்’ என்று பெயர். அதன்பின் சில நாள்தான் கையில். எழுதி, பதிவு செய்து, கலவைக்கு அனுப்பிவிட்டு அடுத்த எபிசோட். உந்துதல் வரட்டும் என்று தே தாரேக் முன்னால் காத்திருக்க அங்கே நேரமில்லை.

‘வெஸ்ட் விங்’ முகப்பிசைக்கு அவருக்கு 2000-இல் எம்மி விருது கிடைத்தது. சொல்லட்டுமா? எனக்கு அது பிடிக்காது. முன்னால் நிற்பது முழு ஆர்க்கெஸ்ட்ரா, கொடி அசைகிறது, வெள்ளை மாளிகைக்கு விபூதி பூசுகிறார்கள். ஏதோ மெர்டேக்கா விளம்பரம் பார்க்கிற மாதிரி நெஞ்சு அடைக்கும், அடைத்ததற்காகக் கோபமும் வரும். ஏரன் சோர்க்கின் எழுதிய வசனத்தில் இருக்கிற கிண்டலும் வேகமும் அந்த முகப்பில் துளிகூட இல்லை. விருதுகள் இப்படித்தான் கொடுக்கப்படுகின்றன, சத்தமாக இருப்பதற்கு. அதே மனிதர் ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’ முகப்பில் செய்திருப்பது பல மடங்கு மேல். டெக்சாஸில் ஒரு சின்ன ஊர், பள்ளிக்கூடக் கால்பந்து, ஊருக்கு அதைவிட்டால் வேறு கடவுள் இல்லை. எதிரொலிக்கும் எலெக்ட்ரிக் கித்தார், மெல்ல மெல்ல ஏறும், உச்சியைத் தொடும் முன்பே முடிந்துவிடும். ஜெயிப்போம் என்று இசை வாக்குக் கொடுப்பதில்லை.

இதற்கும் ஒரு குற்றச்சாட்டு தயாராக இருக்கிறது. 2004-இல் வந்த அதே பெயர்ப் படத்துக்கு ‘எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் த ஸ்கை’ குழு இசையமைத்தது. தொடரின் முகப்பு அந்தச் சாயலில் இருக்கிறது, அதனால் நகல். ஆமாம், சாயல் இருக்கிறது. படம் ஏற்கெனவே அந்த ஊருக்கு ஒரு ஒலியைக் கொடுத்துவிட்டது, தொடரும் அந்தக் குழுவின் இசையைப் பயன்படுத்தியது. ஏற்கெனவே ஒருவர் கட்டிய வீட்டுக்குள் நீ ஓர் அறை கட்ட வேண்டும். சுவரை இடித்துத் தன் கையெழுத்தைப் போடுகிறவனும் இருக்கிறான், செங்கல் நிறம் பார்த்துக் கட்டுகிறவனும் இருக்கிறான். இரண்டாமவனிடம் திறமை இல்லை என்று நினைப்பது, கட்டுமான இடத்துக்கே போகாதவர்களின் எண்ணம்.

இன்னொரு குற்றச்சாட்டில் எனக்குப் பாதி உடன்பாடு. அக்கூஸ்டிக் கித்தார் வந்தாலே கண் கலங்கணும் என்ற பழக்கத்தைத் தொலைக்காட்சி நமக்குக் கொடுத்துவிட்டது. வங்கி விளம்பரத்தில் தாத்தா பேரனைக் கட்டிப்பிடிக்கும்போதும் அதே கித்தார், மருத்துவமனை விளம்பரத்திலும் அதே கித்தார். உண்மைதான், எரிச்சலாக இருக்கிறது. அந்தப் பழக்கத்துக்கு விதை போட்டவர்களில் வால்டனும் ஒருவர்தான். ஆனால் புதுமைப்பித்தனைப் போல எழுத முயன்ற நானூறு பேரின் பாவத்தைப் புதுமைப்பித்தன் தலையில் கட்டுவோமா?

சரி, இப்போது நம்மூர்க்காரர்களிடம் நேராகவே கேட்கிறேன். இளையராஜாவின் பின்னணி இசை பற்றி ஐந்தாயிரம் சொல்லில் கட்டுரை எழுதுகிறீர்கள். நானும் வரி விடாமல் படிக்கிறேன். அவரும் கித்தார்காரராகத்தான் தொடங்கினார். சென்னையில் மற்றவர்களின் பாடல் பதிவுகளுக்குக் கூலிக்குக் கித்தார் வாசித்தவர், சலில் சௌத்ரி குழுவிலும் வாசித்தவர். தயாரிப்பாளர் காசு கொடுக்க, இயக்குநர் காட்சி கொடுக்க, தேதிக்குள் முடித்துக் கொடுத்தவர். அங்கே ‘சமரசம்’ என்ற சொல் உங்கள் வாயில் வருவதில்லை, ‘மேதைமை’ வருகிறது. வரட்டும், சரியான சொல்தான். ஆனால் அதே வேலையை ஒருவன் சின்னத் திரைக்குச் செய்தால் மட்டும் ஏன் சொல் மாறுகிறது? திரையின் அகலத்தை வைத்தா கலையை அளக்கிறீர்கள்?

கெடு, கூலி, கேட்டுச் செய்த வேலை, இதெல்லாம் கலையைக் கெடுக்கும் என்றால் பாக் லைப்சிக் நகரத் தேவாலயத்துக்கு வாராவாரம் எழுதியதைத் தூக்கிக் கடாசுங்கள். தஸ்தயெவ்ஸ்கி 1866-இல் ஒப்பந்தக் கெடுவுக்குப் பயந்து இருபத்தாறு நாளில் சொல்லச் சொல்ல எழுதவைத்த ‘சூதாடி’யையும் எரித்துவிடுங்கள். அவ்வளவு தூரம் எதற்கு, மலேசிய சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதை வளர்ந்ததே தமிழ் நேசன், தமிழ் முரசு போன்ற நாளேடுகளின் ஞாயிறு பதிப்புகளில்தானே. இடம் இவ்வளவுதான், இந்தத் தேதிக்குள் வேணும் என்ற ஆசிரியரின் கட்டளைக்கு எழுதியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தத் தாத்தாக்களைப் பற்றி ஆய்வரங்கம் நடத்திவிட்டு, வெளியே வந்து டிவிக்காரனைத் திட்டுகிறோம்.

எல்லா டிவி இசையும் நல்ல இசை என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானது குப்பை, நம் தொடர்களில் வில்லி திரும்பிப் பார்த்தால் மூன்று தடவை இடி இடிப்பது உட்பட. ஆனால் குப்பை என்று சொல்ல ஒரு விமர்சகனுக்குக் காது வேண்டும், காரணம் வேண்டும். எந்தக் காட்சியில் இசை வசனத்தை மிதித்தது, எங்கே வேண்டாத கண்ணீரைப் பிழிந்தது என்று எழுத வேண்டும். ‘சமரசம்’ என்ற சொல் அந்த வேலையிலிருந்து விடுமுறை கொடுக்கிறது. கேட்காமலே தீர்ப்பு எழுதலாம். எனக்கு அந்தச் சொல் மேல் இருக்கிற கோபம் இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. நாம் கலைஞனின் தூய்மையைக் காவல் காத்துக்கொண்டிருக்கும்போது அவன் பை பின்னால் காலியாகிறது. அமெரிக்காவில் பொதுவாக டிவி இசையின் காப்புரிமை ஸ்டுடியோவுக்குத்தான் போகும். ஆனால் எபிசோட் ஒளிபரப்பாகும் ஒவ்வொரு முறையும் வரும் ராயல்டியில் எழுதியவரின் பங்கு இசையமைப்பாளருக்கு. அதற்கு அடிப்படை ‘க்யூ ஷீட்’ என்ற ஒரு தாள். எந்த இசைத்துண்டு, எத்தனை வினாடி, முகப்பா பின்னணியா, எழுதியவர் யார், அவ்வளவுதான் அதில் இருக்கும். மறு ஒளிபரப்பு இருபது வருடம் ஓடினால் இருபது வருடமும் அந்தத் தாள் சோறு போடும். ஒரு கித்தார்காரர் முப்பது வருடத்துக்கு மேல் இதே தொழிலில் நின்று வளர முடிகிற ஒரு ஏற்பாடு அது. 2019 இறுதியில் டிஸ்கவரி நிறுவனம், அமெரிக்க ஒளிபரப்புக்கான அந்தப் பங்கை விட்டுக்கொடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் இசையை மாற்றிவிடுவோம் என்று இசையமைப்பாளர்களிடம் சொன்னது. எதிர்ப்பு வலுத்த பிறகு பின்வாங்கியது. சமரசம் என்ற சொல்லை உபயோகிக்க நியாயமான இடம் ஒன்று உண்டென்றால் அது இந்த மாதிரி ஒப்பந்தம். அங்கே நம் குரல் கேட்பதே இல்லை.

இங்கே எப்படி? மலேசியாவில் எம்.ஏ.சி.பி., சிங்கப்பூரில் காம்பஸ் என்று ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் அமைப்புகள் இருக்கின்றன. என் நண்பன் நான்கு தொடர்களுக்கு இசையமைத்த பிறகுதான் க்யூ ஷீட் என்ற ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரிந்தது. அவனுடைய ஒப்பந்தம் ஒரு பக்கத் தாள். மொத்தத் தொகை ஒன்று, எல்லா உரிமையும் தயாரிப்பாளருக்கு. இசை எப்படி இருக்கணும் என்பதற்கு ஒரு தமிழ்ப் படத்தின் வீடியோ சுட்டி, ‘இதே மாதிரி, ஆனா கேஸ் வராத மாதிரி’ என்ற குறிப்போடு. ஒரு தொடரில் அவன் பெயர் முடிவில் வந்தது, வந்த வேகத்தில் நான் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். இன்னொன்றில் வரவே இல்லை. மூன்றாவது தொடருக்கு அவனுக்குப் பதிலாக நூலக இசை வாங்கிக்கொண்டார்கள், மாதச் சந்தாவில் ஆயிரக்கணக்கான துண்டுகள் கிடைக்குமாம், ‘சோகம்’, ‘சோகம் 2’ என்று பெயர் போட்டு. இப்போது அதையும் கணினியே செய்து தருகிறது.

முகப்பிசை என்பதே சாகக் கிடக்கிறது. 2004-இல் ‘லாஸ்ட்’ தொடரின் முகப்பு, கறுப்புத் திரையில் ஒரு சொல் மிதந்து வந்து போவதோடு சரி. 2017-இல் நெட்ஃபிளிக்ஸ் முகப்பைத் தாண்டிப்போக ஒரு பொத்தானே வைத்துவிட்டது. நீங்களும் அழுத்துகிறீர்கள். அந்தப் பொத்தானை அழுத்துகிற அதே கை, மறுநாள் ‘இப்போதெல்லாம் யார் இசையமைக்கிறார்கள்’ என்று ஃபேஸ்புக்கில் பதிவு போடுகிறது.

தீபாவளிக்கு எப்படியும் உள்ளூர்த் தொலைப்படங்கள் வரும், அதைப் பற்றி நான்கு பேர் எழுதுவோம். கதை, நடிப்பு, ஒளிப்பதிவு, சென்சார் என்று எல்லாம் இருக்கும், இசையமைத்தவர் பெயர் இருக்காது. இந்த முறை பெயரைத் தேடிப் போடுங்கள். பாராட்டச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் காட்சியில் புல்லாங்குழல் அநியாயத்துக்கு அழுகிறது, அம்மா பேசுவதே கேட்கவில்லை, எடுத்திருக்கலாம் என்று எழுதுங்கள். எந்த எபிசோட், எந்த நிமிடம் என்பதையும் போடுங்கள்.